அவர் பிடித்த சாட்சி

கோர்ட்டில் உண்மையைச் சொல்லி ஒரு மனிதரின் உயிலைக் கெடுத்த பெருமை எனக்கு உண்டு.

வண்டன்மேட்டில் பக்கத்து ஏலத்தோட்டக்காரர் அவர். எண்பதைத் தாண்டிய வயது, காதை மூடிய கம்பளிக் குல்லா. பேசும்போதே ஒரு ஏலக்காயை நகத்தால் பிளந்து, விதையின் கறுப்பைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். தன்னைப் பார்த்துக்கொண்ட மகளுக்கே தோட்டத்தை எழுதிவைத்தபோது, சாட்சிக் கையெழுத்துக்கு என்னை அழைத்தார்.

பத்து வருடம் அவரோடு டீ குடித்தவன் நான். விளையாட்டாகக் கேட்டேன்: "ஐயா, நான் யாருன்னு தெரியுதா?"

நிதானமாகப் பார்த்தார். "தெரியலியே. தெரிஞ்சவன் எல்லாம் பங்கு கேக்குறான். அதான் தெரியாத ஆளாக் கூப்பிட்டேன்."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவர் இறந்ததும் மகன்கள் வழக்குப் போட்டார்கள். "அன்று அவர் உங்களை அடையாளம் கண்டாரா?" என்று அவர்களுடைய வக்கீல் கேட்டார்.

"தெரியலைன்னார், ஆனால்..." என்று ஆரம்பித்தேன்.

"போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். உயில் செல்லாது என்று தீர்ப்பானது.

பெரியவர் அன்று சொன்னது மறதியா, கிண்டலா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டைக் காலி செய்து பாத்திரங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்த மகளிடம் கேட்டும் பார்த்தேன்.

"அப்பாவுக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு சார். சாட்சிக்கு ஆள் பிடிச்சதுலதான் தவறிட்டாரு."