ஐந்தாவது சுளை

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் பேருந்துக்குக் காத்திருக்கிறோம். மனைவிக்கு வேர்க்கிறது; கை நடுங்குகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. காலையில், நாங்கள் தங்கிய அரண்மனை ஓட்டலில், ‘எங்கள் தோட்டத்துச் சமையல்’ என்று பன்னிரண்டு பதார்த்தம் வைத்தார்கள். சர்க்கரை நோய் இருக்கிறதே என்று, பலாவில் ஒரு சுளைக்கு மேல் அவளை நான் தொடவிடவில்லை.

எதிரிலுள்ள மெஸ்ஸுக்குள் அழைத்துப் போகிறேன்.

“இனிப்பா ஏதாவது குடும்மா, சீக்கிரம்!”

“எங்க கொல்லயில அறுத்த பலா இருக்குதுங்க. குந்துங்க,” என்கிறார் மெஸ் நடத்தும் அம்மா.

சுளைகளை நானே மனைவிக்கு ஊட்டுகிறேன்.

“அய்யா, கொட்டய எடுத்துட்டு ஊட்டுங்க!” அந்த அம்மா சிரிக்கிறார்.

சற்று நேரத்தில் நடுக்கம் நிற்கிறது. மனைவி என்னை முறைக்கிறாள்.

“அரண்மனையில ஒண்ணு. இங்க மட்டும் அஞ்சா?”

நான் எண்ணவே இல்லை. அவள் எண்ணியிருக்கிறாள். அப்பாடா!