ஒருவர் மட்டும் உட்காரும் படகு

ஸ்டெல்லாவுக்கு மீன் தின்பதில் அவ்வளவு ஆசை கிடையாது, பிடிப்பதில்தான் ஆசை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் புடவையை மாற்றிவிட்டு, சல்வார் கமீசும் கான்வாஸ் ஷூவுமாக ஸ்வார்கேட் போய் பான்ஷேத் பஸ்ஸில் ஏறிவிடுவாள். தூண்டில் கம்பைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒரு பழைய குடை உறைக்குள் செருகி வைத்திருப்பாள். கண்டக்டர்கள் அதைக் குடை என்றே நினைத்தார்கள்.

அவள் மராத்தி பேசும் ஊரான கட்கியில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் ராணிப்பேட்டைப் பக்கம். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபோது அண்ணன்கள் சைக்கிளையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காத தூண்டில் அவளுக்கு வந்தது. அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த ஜெகதீசனை அவள் விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவர் இந்து, அவள் கிறிஸ்தவள் என்று இரண்டு வீட்டிலும் பெரிய சண்டை நடந்தது. சண்டை ஓய்ந்ததும் மாமியாரும் இரண்டு கொழுந்தன்களும் அவர்களோடு ஒரே குவார்ட்டர்ஸில் வந்து சேர்ந்தார்கள். இரண்டே அறை. பகலெல்லாம் அவளுக்கு நர்சரி பள்ளியில் மூக்கு ஒழுகும் குழந்தைகள். சாயங்காலம் வீட்டில் இத்தனை பேர். பிறகு மகள் ரீனா பிறந்தாள்.

முதலில் முளா ஆற்றங்கரையில்தான் உட்காருவாள். தொண்ணூறுகளில் அந்த ஆற்றில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் தவிர வேறொன்றும் இல்லாமல் போனபின் பான்ஷேத் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீரைத் தேடிப் போனாள். அங்கே சகாராம் என்ற மீனவர் தன் சின்ன மரப்படகை அவளுக்கு வாடகைக்குக் கொடுத்தார். தானே துடுப்புப் போட்டுக்கொண்டு மலையடிவாரம் வரை போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவாள். சில நாள் விரால், சில நாள் ஜிலேபிக் கெண்டை, பல நாள் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு வந்தாலும் முகம் தெளிந்திருக்கும். அந்த வாரம் முழுக்க மாமியாருக்கு எதிர்ப்பேச்சுப் பேசமாட்டாள்.

ஜெகதீசன் ஒரு தடவை கூடப் போனதில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். முழங்காலுக்கு மேல் நனையும் இடத்தில் நிற்கமாட்டார்.

மாமியார் காலமாகி, கொழுந்தன்கள் தனித்தனியாகப் போனபின், ஜெகதீசன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோந்த்வாவில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். இனி கொஞ்சம் நிம்மதி என்று இருந்தபோது ஸ்டெல்லாவின் வலது மார்பில் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து பிழைத்துக்கொண்டாள். ஆனால் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டதால் வலது கை வீங்கிவிட்டது. தோளிலிருந்து விரல் வரை இறுக்கமான உறை போட்டுக்கொண்டாள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, துடுப்பைப் பற்றி நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார்.

அவள் மொட்டை மாடியில் ஒரு வாளியைக் குறி வைத்து இடது கையால் தூண்டில் வீசப் பழகினாள். ஒரு மழைக்காலம் முழுவதும் பழகி, வாளிக்குள் விழும்படி வீசக் கற்றுக்கொண்டாள். ஆனால் படகை எப்படி ஓட்டுவது?

ரீனா அப்போது ஹடப்சரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் ஆபீசிலிருந்து கொஞ்சம் காகிதங்களை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள்.

"அம்மா, திஸ் இஸ் கயாக், சின்னப் படகு. கையே வேணாம். காலாலே மிதிச்சா போகும். மீன் பிடிக்கவே செஞ்சிருக்காங்க. தேக்கோ நா, பாரும்மா!"

ஸ்டெல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. மிதிபடகில் மூன்று விதம் இருப்பதாக ஜெகதீசன் கண்டுபிடித்தார். ஒன்று, போசரியில் ஒரு பட்டறைக்காரர் ஃபைபரில் செய்துதருவதாகச் சொன்னது; பூங்காக் குளங்களில் பிள்ளைகள் மிதிப்பதைப் போல் பக்கத்தில் சக்கரம் வைத்தது.

"அது போடற சத்தத்துக்கு மீனு முல்ஷி அணைக்கே ஓடிப்பூடும்" என்றாள் ஸ்டெல்லா.

இன்னொன்று அடியில் விசிறி சுற்றுவது. அவர் அதைத்தான் விரும்பினார். பின்னால் மிதித்தால் பின்னாலும் போகுமே என்றார். ஓரத்துக் கொடியெல்லாம் விசிறியில் சுற்றிக்கொள்ளும், நடுத்தண்ணீரில் யார் குனிந்து அறுத்துவிடுவது என்று அவள் கேட்டாள். மூன்றாவதற்கு அடியில் இரண்டு துடுப்புகள், மீனின் செட்டை மாதிரி. ஒரு காலைத் தள்ளி மறு காலைத் தள்ளினால் அவை இப்படியும் அப்படியும் அசையும். ஆழமில்லாத இடத்தில் படகின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் போகாது, ஆனால் கொடியில் சிக்குவது குறைவு.

"இதுதான்" என்றாள்.

"நெட்டையா, குட்டையா?"

"குட்டை. திருப்பறதுக்கு லேசா இருக்கணும். அகலமா இருக்கட்டும். கவுந்துச்சின்னா இந்தக் கைய வெச்சிக்கினு நான் ஏறமாட்டேன்."

அவளைச் சுவரோரம் தரையில் உட்காரவைத்து, கால்களை நீட்டச் சொல்லி, இடுப்பிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து அளந்தார் ஜெகதீசன். கால் கட்டைவிரலைப் பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டினார். அவள் அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான் என்று ரீனா பிற்பாடு சொல்வாள்.

எல்லாம் முடிவானபின் ஒன்று பாக்கி இருந்தது. ஒருவர் உட்காருவதா, இருவர் உட்காருவதா?

"ரெண்டு சீட்டு" என்றார் ஜெகதீசன். "நானும் வர்றேன். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கினா பயமில்லன்றாங்க."

"வேணாங்க. ஒரு சீட்டு போதும்."

"ஒடம்பு இருக்கற இருப்புல ஒண்டியா போய், நடுவுல தலை சுத்தி விழுந்தா?"

"விழமாட்டேன்."

"இன்னா பிடிவாதம் இது? நான் வந்தா உனுக்கு இன்னா கஷ்டம்? ஓரமா உக்காந்து மிதிச்சிக்கினு வரப்போறேன்."

ஸ்டெல்லா கையுறையின் விளிம்பை நீவிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "கல்யாணமான நாள்லேர்ந்து யாராச்சும் எம்மேல கைய வெச்சிக்கினே இருக்காங்க. ஒங்கம்மா கூப்புடுவாங்க, தம்பிங்க கூப்புடுவாங்க, ஸ்கூல்ல பசங்க முந்தானையப் புடிச்சி இழுக்கும். இப்போ ஆஸ்பத்திரியில நர்ஸு, டாக்டரு. அந்தத் தண்ணியில ஒண்டிதான் யாரும் இல்ல."

"நான் கூடவா?"

அவள் உறையின் விளிம்பை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு, "நீங்க கூடத்தாங்க" என்றாள்.

அவர் எழுந்து வெளியே போனார். இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கைப்பிடித்தவள் அவள். அந்த வார்த்தையை அவரால் விழுங்க முடியவில்லை. அன்றிலிருந்து பால்கனியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் வருவார். அவளும் சமாதானம் சொல்லவில்லை. சொன்னது பொய்யில்லை என்பதால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. அந்த வார இறுதியில் அவர் ரீனாவைக் கூப்பிட்டு, "ஒரு சீட்டே சொல்லிடும்மா" என்றார்.

சிங்கப்பூரில் ஒரு கடையிலிருந்து கப்பலில் வர ஏற்பாடு. ரீனாவின் சம்பளமும் அப்பாவின் சேமிப்பும் அதற்குப் போயின. வரும், வரும் என்று மாதங்கள் போயின. துறைமுகத்தில் சுங்க வரி போட அது விளையாட்டுச் சாமானா, படகா என்று முடிவு செய்வதற்கே வெகுநாள் பிடித்தது.

அதற்குள் ஸ்டெல்லாவுக்கு முதுகுவலி வந்தது. பள்ளியில் நாளெல்லாம் குழந்தைகளிடம் குனிவதால் வந்தது என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். ஒரு நாள் படியிறங்கும்போது இடது கால் மடங்கியது. பிறகு செருப்பு நழுவியது கூடத் தெரியாமல் நடந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. மறுபடி கதிர்வீச்சு கொடுத்தார்கள். வலி குறைந்தது. கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை.

கடையிலிருந்து ரீனாவுக்குத் தகவல் வந்தது: வேண்டாமென்றால் இப்போது சொல்லிவிடலாம், பெரும்பகுதிப் பணம் கிடைக்கும். அவள் அப்பாவிடம் கேட்டாள்.

"வேணாம்னு சொன்னா, உங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்றது?" என்றார் ஜெகதீசன். "நீ இனிமே போமாட்டேன்னா? எனுக்கு வாய் வராதும்மா. வரட்டும்."

வந்தது. ஒரு டெம்போவில், அட்டை சுற்றி, மாம்பழ மஞ்சளில். பார்க்கிங்கில் இறக்கி வைத்ததும் குடியிருப்பே கூடியது. ஸ்டெல்லாவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து லிஃப்டில் இறக்கினார்கள். அவள் குனிந்து, இடது கையால் ஒரு பெடலைத் தள்ளினாள். அடியில் செட்டைகள் அசைந்தன. மறு பெடலைத் தள்ளினாள். சுற்றிலும் நின்றவர்கள் கைதட்டினார்கள். கீழ்வீட்டு மும்தாஜ் மட்டும் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றாள் ஸ்டெல்லா. பிறகு கணவரைப் பார்த்து, "ஒரே ஒரு தபா என்ன தண்ணியில வெச்சி உட்றீங்களா?" என்றாள்.

டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். மாசி மாதம், வெயில் ஏறாத நேரம். சகாராம் அவளைக் கண்டதும், மரியாதைக்குச் சித்தி முறை வைத்து, "காக்கூ..." என்று ஆரம்பித்துவிட்டுப் படகைத் தூக்கப் போய்விட்டார். லைஃப் ஜாக்கெட் மாட்டி, தலையணைகள் வைத்து, துணியால் இடுப்பை இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்கள். கழற்றுவதற்கு லேசாக இருக்கட்டும் என்று ஜெகதீசனே முடிச்சைப் போட்டார். பெடலைக் கழற்றி வைத்துவிடலாமா என்று கேட்டார்.

"இருக்கட்டும். காலு அதுமேலயே இருக்கட்டும்."

பாதங்களை எடுத்து ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தார். படகின் பின்புறம் நீளமான கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையைச் சகாராம் கரையில் பிடித்துக்கொண்டார்.

ஓரத்தில் சேறு. யாராவது உள்ளே தள்ளிக்கொண்டு போகவேண்டும். சகாராம் கயிற்றை ரீனாவிடம் கொடுத்துவிட்டு இறங்கப் பார்த்தார். அதற்குள் ஜெகதீசன் பேண்ட்டை மடித்துக்கூட விடாமல் தண்ணீருக்குள் போய்விட்டார். முழங்கால், இடுப்பு, மார்பு. பற்கள் கிட்டிக்கொண்டன. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றார். யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

"கைய எடுங்க" என்றாள்.

"ஸ்டெல்லா..."

"கையிறு இருக்குதில்ல? கைய எடுங்க."

எடுத்தார். காற்று படகை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனது. ரீனா கையில் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, கடைசியில் விறைத்தது. அங்கே அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் இடது கையால் தூண்டிலை வீசினாள். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜெகதீசன் தடுமாறிக் கரையேறி மகள் பக்கத்தில் நின்றார். தூரத்தில் ஒரு முறை அவள் தோள்கள் குலுங்குவதுபோல் ரீனாவுக்குத் தெரிந்தது. "பப்பா, இழுக்கவா?" என்றாள்.

"இழுக்காதே" என்றார் ஜெகதீசன். "அவளா சொல்லுவா."

வெயில் ஏறியபின் அவள் கை தூக்கினாள். இழுத்துக் கரை சேர்த்தபோது கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. என்ன நினைத்தாள், எதற்கு அழுதாள் என்று அவர் கேட்கவில்லை. தூண்டிலில் ஒன்றும் இல்லை. வழியெல்லாம் காரில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

மழை தொடங்குவதற்கு முன்பே போய்விட்டாள். கட்கி கல்லறையில் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

படகு பார்க்கிங்கில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி கொஞ்சநாள் பொறுத்தார். பிறகு கார் நிறுத்த இடமில்லை என்று பணிவாகவே சொன்னார். ரீனா விற்றுவிடலாம் என்றாள். ஜெகதீசனுக்கு மனம் வரவில்லை. ஒரு டெம்போ பிடித்து சகாராமிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் ஒரு நாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பான்ஷேத் பஸ் ஏறினார். மஞ்சள் படகு தண்ணீரில் இருந்தது. பெடல் இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. அதில் ஒரு பலகையை அடித்து, அதன்மேல் வலையைக் குவித்து, சகாராமின் மருமகன் மூங்கில் துடுப்பால் ஓட்டிக்கொண்டிருந்தான். வலை போடும்போது கால் தடுக்குகிறது என்பதால் கழற்றிவிட்டோம், பத்திரமாக வீட்டில் இருக்கிறது, வேண்டுமா சித்தப்பா என்று சகாராம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"நகோ, நகோ. வேணாம், உங்க சௌகரியம்தான்" என்றார் ஜெகதீசன். அவருக்குக் கோபம் வரவில்லை. படகு வேலையாவது செய்கிறது.

புறப்படும்போது சகாராம் இலையில் சுற்றி இரண்டு மீன்களைக் கையில் திணித்தார். வீட்டுக்கு வந்து அவற்றைச் சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். செதிலை எந்தப் பக்கமிருந்து சுரண்டுவது என்று தெரியவில்லை. ஹடப்சரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த மகளுக்குப் போன் செய்தார்.

"ரீனா, மீன் கொழம்புக்கு உங்கம்மா புளி எத்தினி போடுவாங்க?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவள் நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியாது, பப்பா. நான் கேட்டதே இல்லே."

"நானும் கேட்டதில்லம்மா" என்றார்.

இருவரும் போனை வைக்கவில்லை. குழாய்த் தண்ணீர் மீன்களின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.