மருமகள்கள் இழுத்த கயிறு

எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று சாயங்காலம் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஒரு பக்கம், இந்த ஊரில் பிறந்து வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போய், பொங்கலுக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகள்கள். எதிர்ப்பக்கம், வெளியூரில் பிறந்து இந்த ஊருக்கு வாழ வந்த மருமகள்கள். "பொறந்த வூடா, புகுந்த வூடா!" என்று மைக்கில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். பாகூர் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. சோரியாங்குப்பத்தில் என் அம்மா வீட்டுப் பக்கம் கோலப் போட்டியோடு சரி.

நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மருமகள்கள் ஜெயித்துப் பார்த்ததே இல்லை. விசில் ஊதிய மாத்திரத்தில் சரசரவென்று போய் அந்தப் பக்கம் விழுவோம். ஊரே சிரிக்கும். நாங்களும் புடவையைத் தட்டிக்கொண்டு சிரித்து வைப்போம். எதிரணிக்குத் தலைவி வேறு யாருமில்லை, என் நாத்தனார்தான். செல்லிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். நல்லவள்தான், ஆனால் வாய் இருக்கிறதே, அது வாயா! ஒரு பொங்கலுக்கு ஜெயித்த கையோடு மைக்கைப் பிடுங்கி, "எங்க அண்ணிங்க எல்லாம் கரண்டி புடிச்ச கைங்க. கயிறு புடிக்க வராது, பாவம், வுட்ருங்க" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. அன்று காலை அவள் கேட்டாள் என்று தலைக்கறியும், அவள் வீட்டுக்காரருக்காக மீன் குழம்பும், பிள்ளைகளுக்காக வடையும் செய்தது இந்தக் கரண்டி பிடித்த கைதான். வீட்டுக்கு வந்ததும் என் ஓரகத்தியிடம் சொன்னேன்: "அடுத்த பொங்கலுக்கு அந்த கயிறு நம்ம பக்கம் வரல, நா இந்த ஊர்ல தல காட்ட மாட்டேன்." ஓரகத்தி என் கொழுந்தனாரின் மனைவி. நல்ல வாட்டசாட்டமான உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. "தல காட்டாம எங்கக்கா போவ? சொசைட்டிக்கு பால் ஊத்த வரமாட்டியா?" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. அதுவரை நான் வேண்டிக்கொண்டதெல்லாம் மகன் பாஸாக வேண்டும், மகளுக்குக் காலேஜில் சீட் கிடைக்க வேண்டும், கரும்பு சாயாமல் நிற்க வேண்டும், மாடு சினை பிடிக்க வேண்டும் என்பதுதான். எனக்கே எனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டது அந்தக் கயிற்றைத்தான். கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மார்கழி பிறந்ததும் வேலையை ஆரம்பித்தேன். மார்கழியில் ஒரு வசதி, கோலம் போட எல்லோரும் விடியுமுன்னே எழுந்துவிடுவோம், ஏன் எழுந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கோலம் போட்டு, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, மருமகள்கள் எட்டுப் பேரும் ஏரிக்கரைப் பக்கம் எங்கள் களத்துமேட்டில் கூடுவது என்று ஏற்பாடு. கரும்பு லாரியில் பாரம் கட்டுகிற கயிற்றை என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எடுத்துவந்தேன். ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டினேன். "இழுங்கடி!"

நான் போட்ட சட்டங்களை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது. நேரங்கழித்து வந்தால் களத்துமேட்டைச் சுற்றி ஓட வேண்டும். பயிற்சி முடிந்தால் நேரே வீடு. பாதிப் பேருக்கு உள்ளங்கை கொப்பளித்தது. "வெளக்கெண்ண தடவு, நாளைக்கு வா" என்றேன். ஒருத்திக்கு இடுப்புப் பிடித்தது. "இழுத்தா சரியா பூடும்" என்றேன். மார்கழி பாதிகூடத் தாண்டவில்லை, ஒருநாள் காலை களத்துமேட்டில் நானும் வேப்பமரமும்தான் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து ஓரகத்தி மட்டும் மெதுவாக நடந்து வந்தாள்.

"எங்கடி மத்தவளுங்க?"

"வர மாட்டாளுங்கக்கா. வூட்ல ஒரு மாமியா போதாதா, களத்துமேட்டுல வேற ஒண்ணான்னு கேக்குறாளுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கயிற்றைத் தூக்கிப் போட்டேன். "போங்கடி, ஒங்களுக்கெல்லாம் ரோசமே கெடையாது" என்று ஆளில்லாத களத்தைப் பார்த்துக் கத்தினேன். பிறகு என்னவோ, அழுகை வந்துவிட்டது. இந்த ஆண்டும் அந்த மைக்கில் அதே பேச்சைக் கேட்க வேண்டுமே என்ற அழுகை. ஓரகத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "டீ குடிக்கலாம் வாக்கா" என்றாள்.

"வூட்டுக்குப் போயா?"

"வூட்டுக்குப் போனா நீதான போடணும்? கடைக்கு வா."

பால் சொசைட்டிக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. வாசலில் நீள பெஞ்சு. இத்தனை வருஷமாகத் தினமும் பால் கேனோடு அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போயிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் போர்டு வைக்கவில்லை. ஆனால் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். அது ஆண்கள் பேப்பர் படிக்கிற இடம். ஓரகத்தி போன வேகத்தில் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். மறுமுனையில் இருந்த பெரியவர் ஒருவர் பேப்பரோடு எழுந்து நின்றுவிட்டார். "நீங்க ஒக்காருங்க மாமா, எடம் இருக்குது" என்றாள் அவள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ரெண்டு டீ. ரெண்டு போண்டா."

கண்ணாடி டம்ளரில் நுரை ததும்ப டீ வந்தது. அடேயப்பா, அந்தச் சூடு! வீட்டில் நான் டீ குடிப்பேன், குடிக்காமல் இல்லை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பாத்திரம் தேய்த்துவிட்டு, டீ ஆறி ஆடை கட்டிய பிறகு நின்றவாறே ஒரே மூச்சில் குடிப்பேன். வேறொருவர் போட்டுத் தந்து, உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்து எத்தனை காலமாயிற்று! பனி விலகி ஏரித் தண்ணீர் வெளுக்கிற நேரம். எதிரே நாரைகள். நான் அவசரமே படாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"இத மொதல்லயே வெச்சிருந்தீன்னா ஒருத்தியும் ஓடியிருக்க மாட்டா" என்றாள் ஓரகத்தி, போண்டாவைப் பிட்டுக்கொண்டே.

மறுநாள் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "சிரிக்கலாம், பேசலாம், கை வலிச்சா வுட்டுடலாம். முடிஞ்சதும் டீக்கடை." எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் அக்காவையும் கூட்டிவந்தாள், டீக்காக. பெஞ்சு முழுக்க நாங்கள். முதல் இரண்டு நாள் ஆண்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே குடித்தார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிளில் போகிறவர் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போனார். வீட்டுக்கு வந்து, "இன்னாடி இது, ஊர்ல கேக்குறாங்க" என்றார். "இன்னான்னு கேக்குறாங்க? டீ நல்லா இருக்குதான்னா?" என்றேன். அதோடு விட்டுவிட்டார். அப்புறம் நான் கயிறு எடுத்ததையும் ஒப்புக்கொண்டேன். களத்துமேட்டுக்கு வந்து நாங்கள் இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மரத்த இழுத்து இன்னா பிரயோஜனம்? அது வரவா போவுது? பின்னால கால் வெச்சுப் பழகணும்னா நவுர்ற சாமான இழுங்க" என்று டிராக்டர் டிப்பரை எடுத்துவந்து நிறுத்தினார். அது அசைய மூன்று நாள் ஆனது. எங்களுக்கு ஒரே மாதிரி மூச்சு வரவில்லை, ஆளுக்கொரு நேரம் இழுத்தோம். ஓரகத்திதான் கடைசியில் நின்று தாளம் பிடித்தாள். "டீ" என்றால் மூச்சை இழு. "போண்டா" என்றால் கயிற்றை இழு. டீ... போண்டா! டீ... போண்டா! டிப்பர் கடகடவென்று நகர்ந்தது.

பொங்கல் நெருங்கியபோது ஒருநாள் அதே பெஞ்சில்தான் அந்த முக்கியமான பேச்சு வந்தது. "இதெல்லாம் சரிக்கா, அன்னிக்கு சமையலு?" என்றாள் ஒருத்தி. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நாங்கள் தோற்றது பலம் இல்லாததால் அல்ல. காணும் பொங்கலன்று விடியலிலிருந்து அடுப்படியில் வெந்து, நாத்தனார்களுக்குப் பந்தி போட்டு, அண்டா குண்டா கழுவி, சரியாகச் சாப்பிடாமல், மசாலா வாசனையோடு கயிற்றைப் பிடிக்கிறோம். அவர்களோ உண்டு, உறங்கி, பூ வைத்து வருகிறார்கள். டிப்பரை எவ்வளவு இழுத்து என்ன!

அன்று அடுப்பு மூட்டுவதில்லை என்று அந்தப் பெஞ்சிலேயே முடிவு செய்தோம். வீட்டில் சொன்னபோது என் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வீட்டுக்காரர்தான், "வுடும்மா, பிரியாணிதான, நாங்க பண்றோம்" என்றார். அந்த மனுஷனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அந்த வாய்க்காகவே அவரை அன்று எனக்கு ரொம்பப் பிடித்தது.

அண்ணன் தம்பி இருவரும் பின்கட்டில் அடுப்பு மூட்டிச் செய்தார்கள். கொழகொழவென்று, கூழுக்கும் சோற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. நான் நாத்தனாரோடு சமமாக உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் ஃபேனைப் போட்டுப் படுத்தேன். காணும் பொங்கலன்று மத்தியானம்! நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, ஒடம்புக்கு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கேன். தூங்குறேன்."

அவள் வெளியே போய், "அம்மா, அண்ணி தூங்குது!" என்று சொன்ன குரல், வீட்டுக்குள் மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி இருந்தது. நான் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

சாயங்காலம் மைதானத்தில் முதல் ஆட்டத்தில் அவர்கள்தான் ஜெயித்தார்கள். "அக்கா, மூஞ்ச அப்பிடி வெச்சிக்கினு இருக்காத, எங்களுக்கு பயமா இருக்குது. சிரி" என்றாள் ஓரகத்தி. சிரித்தேன். இரண்டாவது ஆட்டத்தில் எங்களுக்குத் தாளம் கூடிவிட்டது. கயிறு எங்கள் பக்கம் வந்தது. மூன்றாவதுக்கு ஊரே எழுந்து நின்றது. டீ... போண்டா! டீ... போண்டா! மைக் பிடித்தவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவரும் சேர்ந்து கத்தினார். கயிறு அசையவே இல்லை, அசையவே இல்லை, பிறகு ஒரு சாண் வந்தது, ஒரு முழம் வந்தது, நாத்தனார் குதிகாலை மண்ணில் ஊன்றியபடியே வழுக்கிக்கொண்டு என் காலடியில் வந்து விழுந்தாள். நான் கத்திய கத்து பாகூர் வரைக்கும் கேட்டிருக்கும். பரிசு ஒரு பெரிய பிரியாணி அண்டா. ஓரகத்தி அதை வாங்கிய வேகத்தில் எங்கள் வீட்டுக்காரர்களிடம் நீட்டிவிட்டாள்.

மறுநாள் காலை நாத்தனார் ஊருக்குக் கிளம்பினாள். நான் தலை பின்னிவிட்டேன். தோற்றதற்குக் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

"அண்ணி, வருசா வருசம் நாங்க எப்டி ஜெயிச்சோம் தெரியுமா?" என்றாள் திடீரென்று. "இங்க வந்தாதான் எனக்குன்னு ஒருத்தர் சோறு போட்டுக் குடுக்குறாங்க. இங்க வந்தாதான் மத்தியானம் தூங்குறேன். அங்க நானும் மருமவதான அண்ணி."

இத்தனை வருஷம் அவளுடைய தூக்கத்தைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அவளுக்கு வருஷத்தில் கிடைக்கிற தூக்கமே அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளைத் திருப்பிக் கட்டிக்கொண்டேன். "இனிமே நடுவுலயும் வந்து தூங்கிட்டுப் போ. பிரியாணி ஒங்க அண்ணன் செய்வாரு" என்றேன். "ஐயோ, வேணாம் அண்ணி" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். கிளம்பும்போது, "நீங்க இழுத்துப் பழகுன அந்த கயிறு வேணும். எங்க ஊர்லயும் இழுக்கணும்" என்றாள். அரிசி, கரும்போடு அதையும் மூட்டை கட்டிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் லாரிக் கயிற்றைத் தேடினார்.

மாசி பிறந்து ஒருநாள் காலை பால் ஊற்றிவிட்டு நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் பெண்கள் கலகலவென்று பேசுகிற சத்தம்.

"இன்னாம்மா, கயிறு இழுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"கயிறு இன்னும் மூட்டையிலதான் இருக்குது அண்ணி" என்றாள். "மொதல்ல டீக்கடையில வந்து ஒக்காந்துட்டோம். நாலு பேர் இருக்கோம். டீ சூடா இருக்குது, குடிச்சிட்டுக் கூப்புடுறேன்."