ராத்திரிக்குச் சோறு வேண்டாம்

குழப்பம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் நான் கோபமாகவே இருந்தேன். காரணம் என் வீட்டுக்காரரின் சாப்பாடு.

அப்போது நாங்கள் தருமபுரத்தில் இருந்தோம். அவருக்குக் காரைக்காலில் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை, எனக்கு ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. ஊரில் இருந்த துண்டு நிலத்திலிருந்து வருஷத்துக்கு வேண்டிய நெல் வந்துவிடும். அரிசிக்கும் குறைவில்லை, அவர் தொப்பைக்கும் குறைவில்லை. அந்தத் தொப்பைக்குக் கீழேதான் குடலிறக்கம் வந்து சேர்ந்தது. இருமினாலும் குனிந்தாலும் வலி, சைக்கிளில் ஏறவே பயந்தார்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த உடம்பை இப்போது அறுக்க மாட்டேன் என்றார். சர்க்கரையும் இருக்கிறது, இவ்வளவு கொழுப்பும் இருக்கிறது, தையல் போட்டால் நிற்காது, புண் ஆறாது. எடை குறைந்தால்தான் ஆபரேஷன். அதற்கு முன்னால் குடல் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்ததால் அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. என் காதில் விழுந்தது.

பட்டினி போடக் கூடாதாம். வயிறு நிறைய வேண்டும், ஆனால் புரோட்டீனால் நிறைய வேண்டும். மீன், முட்டை, பயறு, கீரை, மோர். எவ்வளவு என்று கேட்டேன். "மத்தியானம் சோறு கறியளவு, கறி சோறளவு. ராத்திரிக்குச் சோறே வேண்டாம்மா" என்றார். இதைவிடச் சுலபமாக யாராலும் சொல்ல முடியாது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

முதல் தகராறு மீனில் வந்தது. காரைக்கால்மேட்டிலிருந்து கூடைக்கார அம்மா வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அமாவாசை, கார்த்திகை கிடையாது. புரட்டாசி பிறந்ததும் மாதம் முழுக்கவே கிடையாது. அது முடிவதற்குள் கடல் கொந்தளித்துப் படகு போகவில்லை என்றார்கள். டாக்டர் சொன்ன மீனுக்கும் எங்கள் பஞ்சாங்கத்துக்கும் ஒத்தே வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி ஒரு படி கொள்ளைக் கொண்டுவந்து வைத்தார். அதை அவித்த வாசனைக்கே, மாட்டுக்கு வைத்ததா எனக்கு வைத்ததா என்று இவர் கேட்டார்.

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. சோறு கூடாது, அவ்வளவுதானே. ஒரு பொழுது இருக்கிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? பலகாரம். இவருக்கும் அது பழக்கம்தான். மாமனார் போனதிலிருந்து அமாவாசைதோறும் மத்தியானம் காக்கைக்கு வைத்துவிட்டு இலை போட்டுச் சாப்பிடுவார், ராத்திரிக்கு இட்லியோ இடியாப்பமோதான். அதையே தினமும் செய்தால் போயிற்று. புரோட்டீன் சேர வேண்டுமே என்று இட்லியை மூழ்கடிக்கும் அளவுக்கு சாம்பாரில் பருப்பு போட்டேன். தோசையில் முட்டையை உடைத்து ஊற்றினேன். பயற்றுப் பூரணம் வைத்துக் கொழுக்கட்டை பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் இதையெல்லாம் பெருமையாகவே சொன்னேன்.

மறுபடி எடை பார்க்கப் போனோம். முள் முன்பு நின்ற இடத்தையும் தாண்டி நின்றது.

டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ராத்திரி சோறு சாப்பிடுகிறாரா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றோம். இரண்டு பேருமே சொன்னோம். அதில் பொய் கிடையாது. டாக்டர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளியே வந்ததும் எனக்கும் சந்தேகம் முளைத்துவிட்டது. ஆபீஸ் பக்கத்து கிளப்புக் கடையில் சாப்பிடுகிறீர்களா என்று நடுத்தெருவில் கேட்டேன். அவர் முன்னால் நடந்தார். மனுஷன் திருடித் தின்கிறாரா, அல்லது எடை மெஷின்தான் சரியில்லையா என்று தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது.

அந்த வாரம் அரிசி டின்னில் கையை விட்டேன், அடி தட்டியது. மத்தியானச் சோற்றைக் குறைத்தாயிற்று, ராத்திரிச் சோற்றை நிறுத்தியாயிற்று, பிறகு அரிசி எங்கே போகிறது? எலி என்று நினைத்து டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை. வேலைக்காரியைக்கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆட்டுக்கல் பக்கத்தில் பாத்திரத்தில் மறுநாளுக்கான இட்லி அரிசி ஊறிக்கொண்டிருந்தது. முறத்தில் இடியாப்ப மாவு ஆறிக்கொண்டிருந்தது. ஜாடியில் தோசை மாவு பொங்கி நின்றது. எல்லாம் அதே டின்னிலிருந்து நானே அளந்து எடுத்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்தில் சோறு என்றால் சோறு, இட்லி என்றால் இட்லி. இரண்டும் ஒன்று என்று யாருமே நினைப்பதில்லை. சோற்றைக் கைவிட்டுச் சோற்றையே தின்றுகொண்டிருந்தோம். டாக்டருக்கும் அந்த ஊர்தான், ஆனாலும் அவருக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை, எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சரி, இனி என்ன செய்வது? இட்லி, தோசை, இடியாப்பம், கொழுக்கட்டை, புட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் ராத்திரிச் சாப்பாடு என்று மிச்சம் இருப்பது எது என்றே எனக்குத் தெரியவில்லை. போன தையில் எங்கள் வயலில் அறுப்புக்குப் பிறகு விளைந்த பயறு மூட்டையில் இருந்தது. அதை முழுசாக ஊறவைத்து அவித்து, வெங்காயம் போட்டுத் தாளித்தேன். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை, ஒரு செம்பு மோர். தட்டு நிறைந்துதான் இருந்தது.

அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். போதவில்லையா என்று கேட்டேன். வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் இன்னும் சாப்பிடவில்லையே என்றார். மறுநாளும் அப்படியே உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"அமாவாசைக்குத்தான் எங்கப்பாவுக்காகச் சோறில்லாம இருப்பேன். அன்னிக்குக்கூட நாலு இட்லி உண்டு. இப்ப யாரு செத்தாங்கன்னு தினம் இப்படி உக்கார வைக்கிற?"

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைக் கீழே போட்டேன்.

"யாரும் சாகக் கூடாதுன்னுதாங்க."

உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவர் கை தானாகவே அடிவயிற்றுக்குப் போயிற்று. அன்றைக்கு அது அவர் காதிலும் விழுந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பயறு ஆறிப்போயிருந்தது. ஒரு மணிகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினார்.