கண்ணாடி அலுமாரியில் மூன்று பந்துகள்

முப்பத்தொரு வருடம் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். ஆஸ்பத்திரி வாட்டில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தக் கோபத்தால் ஒருவருடைய ஒரு மாதத்தை வீணாக்கினேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக அதைச் சொல்கிறேன்.

நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் செல்லத்துரை ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது. நிமோனியா சுகமாகி, கிளினிக்குக்கு வந்த முதல் நாள், வாசலிலிருந்து என் அறைக்கு வருவதற்குள் களைத்துப்போய், வழியிலிருந்த வாங்கில் இரண்டு முறை உட்கார்ந்தார். மனைவி இல்லை. லண்டனிலிருந்து ஒரே மகன் சுதன் என்னுடன் போனில் கதைத்தான்.

“மிஸ், மூண்டு மாதத்திலை நான் வாறன். அப்பா தோட்டத்தின்ரை அந்தத் தொங்கல், கடைசி வாழை வரிசை வரைக்கும் தனியப் போய்த் திரும்பினால் வீட்டிலை இருக்கட்டும். ஏலாட்டி முதியோர் இல்லத்திலைதான் விடவேணும். இங்கையிருந்து ஒவ்வொரு நாளும் பயப்பிட என்னாலை ஏலாது.”

ஐயாவிடம் சொன்னேன். “நான் என்ரை வீட்டிலைதான் இருப்பன். என்ன செய்யவேணும், சொல்லுங்கோ” என்றார்.

மகன் மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று அனுப்பியிருந்தான். மூன்று குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. வாயால் மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் எழும்பும். தினமும் அதைப் பாவிக்கச் சொன்னேன். கை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பவும், டொக்டர் அனுமதித்தபடி நடக்கவும் சொன்னேன்.

ஒவ்வொரு வாரமும், “கருவி பாவிக்கிறியளோ?” என்பேன். “ஓம் மிஸ்” என்பார். ஒரு மாதமாகியும் நெஞ்சில் மாற்றமே இல்லை. “முயற்சி இல்லாட்டி இல்லத்துக்குத்தான் போகவேணும்” என்று எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

சனிக்கிழமை வீடு தேடிப் போனேன். விறாந்தையில் கண்ணாடி அலுமாரி. விலைத்துண்டு உரிக்காத கோப்பைகள், திறக்காத சென்ட் போத்தல், நடுவில் அந்தக் கருவி. பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

“ஐயா, உது என்ன?”

“மகன் ஆசையா அனுப்பினது மிஸ். பாவிச்சு உடைஞ்சு போனால்? வீட்டை வாறாக்களுக்குக் காட்டுறனான்.”

“உங்களுக்கு அனுப்பினதோ, அலுமாரிக்கு அனுப்பினதோ?”

அவர் தலை குனிந்தார். “பொய் சொன்னது பிழைதான். நீங்கள் ஏசுவியள் எண்டு பயம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டுச் சாமானைப் பூட்டி வைக்கும் அலுமாரி என் வீட்டிலும் இருந்தது. அவரைப் பொய் சொல்ல வைத்தது என் வாய்.

உறையை நானே வெட்டினேன். அன்று ஒரு பந்து பாதிவரை எழும்பியது. நடையை வாழை வரிசைகளால் அளந்தோம். “மூச்சு வாங்கினால் நில்லுங்கோ. உதட்டைக் குவிச்சு மெல்ல ஊதுங்கோ. அடங்கின பிறகு போங்கோ.” முதல் வாரம் இரண்டு வரிசை. ஒருநாள் கதிரைப் பயிற்சிக்கு நடுவில், “ஏலாது மிஸ், விடுங்கோ” என்று கதிரையில் சாய்ந்துவிட்டார். நாக்கு நுனிவரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் இருந்து நானும் எழும்பினேன். ஐந்தாம் தரம் என் முழங்கால் முறிவதுபோல் சத்தம் போட்டது. அவர் சிரித்தார். பிறகு எழும்பினார்.

மூன்று மாதம் முடிந்து சுதன் வந்த மறுநாள் காலை நானும் போயிருந்தேன். ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார். மகன் பின்னால் போகப் பார்த்தான். “தனியப் போகத்தானே சொன்னனீ? நில்லு” என்றார்.

வாழைகளுக்குள் மறைந்துவிட்டார். கால் மணித்தியாலம் ஆனது. சுதன் ஓடப் பார்த்தான், நான் கையைப் பிடித்தேன்.

வந்தார். கையில் ஒரு வாழைப்பொத்தி, இதழ் விரியாத முழு வாழைப்பூ.

“மூண்டு இடத்திலை நிண்டனான். பிறகு வந்தனான்” என்றார். “கடைசி வரிசையிலை முறிச்சது. மத்தியானக் கறிக்கு.”

சுதன் பொத்தியை இரண்டு கையாலும் வாங்கினான். கண் கலங்கியிருந்தது. “உதை எப்பிடியப்பா வெட்டுறது?” என்றான். இல்லத்தைப் பற்றி அவன் பிறகு கதைக்கவே இல்லை.

அதன் பிறகு எந்த நோயாளியிடமும் “செய்தனீங்களோ?” என்று நான் கேட்டதில்லை. “வாங்கோ, சேர்ந்து செய்வம்” என்பேன். கனடாவிலிருந்து வந்து என் அலுமாரியில் பூட்டிக் கிடந்த கோப்பைகளில்தான் இப்போது தேநீர் குடிக்கிறேன். ஒன்று உடைந்துவிட்டது, பரவாயில்லை.