நாற்பத்தொரு கழிவு முறைகள்

காலை ஆறு பத்து. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையின் எடைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் மாட்டியிருந்த திரை. அதில் 212 என்ற சீட்டு எண் அசையாமல் நின்றது. கீழே தராசில் கத்தரிக்காய் மூட்டைகள். பின்னால் நான்கு டெம்போக்கள். அவற்றுக்கும் பின்னால், பஸ்ஸில் வந்து இறங்கிய விவசாயிகள் சாக்குகளைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள்.

கடைக்காரர்கள் சங்கத்தின் பொறுப்பாளரைச் சந்தையில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் திரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னவே, குத்தாலத்துல தண்ணி விழுதுன்னதும் ஒம்ம பெட்டியும் குளிக்கப் போயிட்டோ?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். தராசோடு இணைத்த கணினியில் எங்கள் நிரலை, அதாவது புரோகிராமை, நிறுத்தி மறுபடி தொடங்க எனக்கு ஏழு நிமிடம் ஆனது. 213 வந்தது. அண்ணாச்சி எழுந்து என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஓணத்துக்குக் கேரளாவுக்கு லோடு ஏறுத வாரம் வருது. அந்த வாரத்துல ஒரு தடவ நின்னாலும் கழத்தி ஒம்ம ஆபீஸ்லயே கொண்டாந்து வச்சிருவோம். பழையபடி கையால எழுதிக்கிடுதோம். கோவிச்சுக்கிடப்பிடாது."

தென்காசியில் எங்கள் அலுவலகம் மாடியில் ஓர் அறை. நானும் என் கூட்டாளியும் இரண்டே பேர். நான் பதினோரு வருடம் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு நிரல் எழுத வந்தவன். அவர் ராயகிரிப் பெண், நெல் விவசாயம் செய்த குடும்பம், பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியவர். எங்களுக்கு அந்தச் சந்தை ஒன்றுதான் வாடிக்கை. அது போனால் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நிரலின் வேலை எளிது. எடையைப் படிக்கும், மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கும், சீட்டு அடிக்கும். கழிவுதான் நிலையாக இருப்பதில்லை. சாக்குக்கு ஒன்று, பிளாஸ்டிக் கூடைக்கு ஒன்று, மழையில் நனைந்து வந்தால் வேறொன்று. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே போன் செய்து மாற்றச் சொல்வார்கள். தராசு நிற்கக் கூடாது. அதனால் கழிவு முறையை மட்டும் தனித் துண்டாக எழுதி, ஓடுகிற நிரலை நிறுத்தாமலே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும்படி வைத்திருந்தோம். நாங்கள் நிரல் எழுதும் ஜாவா மொழியில் அப்படி ஒரு துண்டை உள்ளே ஏற்றும் பகுதிக்கு கிளாஸ் லோடர் என்று பெயர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதிய லோடர். பழையது தானாகவே போய்விடும் என்று நம்பினோம். வேண்டாததை அப்புறப்படுத்த ஜாவாவுக்குள்ளேயே ஒரு துப்புரவுப் பகுதி இருக்கிறது. ஆனால் யாரும் பிடித்துக்கொண்டிராத பொருளை மட்டும்தான் அது எடுக்கும்.

சாரல் காலத்தில் கழிவு அடிக்கடி மாறும். கணினியின் நினைவகம் நிரம்பி நிரலும் அடிக்கடி நிற்கும். நினைவகத்தை இரண்டு மடங்காக்கிப் பார்த்தோம். நிற்பது சில நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அன்று மதியம், நிரல் நின்ற நேரத்தில் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பாக எடுத்து வைத்ததைத் திறந்தேன். நாளிதழில் ஒரு பக்கத்தைக் கடைசி நேரத்தில் தூக்குவதென்றால், 'தொடர்ச்சி அந்தப் பக்கத்தில்' என்று வேறு எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுவோம். ஒரு வரி இருந்தாலும் தூக்க முடியாது. அதே தேடல்தான். மாட்டியிருந்த கழிவு முறை ஒன்று. நினைவகத்தில் உயிரோடு இருந்தவை நாற்பத்தொன்று.

பிடித்துக்கொண்டிருந்தவர்களும் அகப்பட்டார்கள். எடையைப் படிக்க எட்டு த்ரெட்கள் இருந்தன. நிரல் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை ஓயாத வேலையாட்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பை உண்டு. அந்தப் பைகளில் பழைய கழிவு முறைகள் இருந்தன.

"இத எதுக்கும்மா பையில போட்டீங்க?" என்று கூட்டாளியிடம் கேட்டேன்.

"அண்ணாச்சிதானண்ணே சொன்னாவ. முறை மாறுததுக்கு முன்னால வாசல் தாண்டுன மூட்டைக்குப் பழைய கழிவுதான்னு. நடுவுல மாத்துனா சம்சாரி வயித்தெரிச்சல் சும்மா விடாதுன்னு."

விவசாயியை எங்கள் பக்கம் சம்சாரி என்பார்கள். அவர் சொன்னது அந்தச் சந்தையின் வழக்கம். மூட்டை உள்ளே வந்தபோது எது நடப்பில் இருந்ததோ அதுதான் அதற்கு நியாயம். அதைக் காப்பாற்ற, என் கூட்டாளி மூட்டையை நிறுக்கும் த்ரெட்டின் பையிலேயே முழுக் கழிவு முறையையும் போட்டுவைத்திருந்தார். சீட்டு அடித்த பிறகு அதை வெளியே எடுக்க நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. ஒரு பொருள் பையில் இருந்தால் அதை ஏற்றிய லோடரும் போகாது. லோடர் இருந்தால் அது கொண்டுவந்த எல்லாமும் இருக்கும்.

"சம்சாரிக்கு நல்லது பண்ணப் போயி சந்தையையே நிறுத்திருக்கோம்" என்றார்.

ஓண வாரம் முழுவதும் தினமும் மாலையில் நிரலை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது மருந்தில்லண்ணே, தூக்க மாத்திரை."

மாற்றி எழுதினோம். மூட்டையோடு இனிக் கழிவு முறை போகாது. கழிக்க வேண்டிய கிலோ மட்டும் வெறும் எண்ணாகப் போகும். எண்ணுக்கு எந்த லோடரோடும் உறவில்லை. பையில் எது போட்டாலும் சீட்டு அடித்ததும், நடுவில் பிழை வந்தாலும்கூட, எடுத்தே தீர வேண்டும். பிறகு ஒரு சோதனை: ஏற்று, ஒரு மூட்டை நிறு, கழற்று, இருநூறு தடவை. அதை ஓடவிட்டுக் குற்றாலம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். நல்ல சாரல். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் ஈரத் தலையோடு எரிச்சலாக வந்தார்.

"ஒருத்தி கம்பியப் பிடிச்சா பிடிச்சதுதான். போலீஸ்காரம்மா விசில் ஊதி ஊதிப் பாக்கா, நகர மாட்டேங்கா. நம்ம கழிவு முறைக்கு அக்கா தங்கச்சியா இருப்பா போல."

திரும்பி வந்து பார்த்தபோது உயிரோடு இருந்த லோடர்கள் இரண்டு. ஒன்றுதான் இருக்க வேண்டும். இருநூறில் ஒன்று கூடினால் என்ன என்று நான் கேட்டேன்.

"பேப்பர்ல தலைப்புல ஒரே ஒரு பிழை இருந்தா விட்டுருவீங்களா?"

ஒரு மணி நேரம் தேடினார். சோதனையில் ஒரே முறை ஏற்றப்பட்ட ஈரக் கழிவுத் துண்டு, ஏறும்போது ஒரு கடிகாரத்தை ஓடவிட்டிருந்தது. துண்டைக் கழற்றிய பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றும்போதே அதையும் நிறுத்தும்படி எழுதி, இருநூறு தடவையை மறுபடி ஓட்டினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். ஒன்று.

நான் போட்ட தலைப்புகள் முதல் பக்கத்தில் எத்தனையோ தடவை வந்திருக்கின்றன. காலையில் கடைகளில் அவை தொங்குவதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்திருக்கிறேன். அந்த ஒன்று என்ற எண்ணைப் பார்த்தபோது இருந்த பெருமிதம் அப்போதெல்லாம் இருந்ததில்லை. அதில் பாதிக்கு மேல் அவரைப் பற்றியது. அன்றே அந்தச் சோதனையை நிரந்தரமாக்கினோம்: கழற்றிய பின் தடம் இல்லாமல் போகாத எந்தத் துண்டும் சந்தைக்குள் நுழையாது.

ஓண வாரத்தில் மூன்று நாள் மழை. கழிவு முறை பத்தொன்பது தடவை மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் வாசல் தாண்டிய மூட்டைகளுக்குப் பழைய கழிவே கிடைத்தது. அண்ணாச்சி தினமும் திரைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். கடைசி நாள், சேனையும் பூசணியும் ஏற்றிய லாரி கேரள எல்லையில் இருக்கும் புளியரைப் பக்கம் கிளம்பியபோது மணி பதினொன்று இருபது. திரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அண்ணாச்சி என்னைத் தாண்டி என் கூட்டாளியிடம் போனார்.

"ஏம்மா, தெக்கால ஒரு தராசு சும்மாதான கெடக்கு?"

"அதுக்கென்ன அண்ணாச்சி?"

"அதுக்கென்னன்னு என்ட்ட கேக்கியா? ஒம்பாட்டுக்கு அதுலயும் ஒரு பெட்டிய மாட்டு."

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் தெற்குத் தராசுக்கு வயர் இழுத்தார்.