இரண்டு பக்கமும் சிங்கம்

இது நடந்தது. பூரணி பொய் சொல்கிறவள் இல்லை. பெற்ற அப்பன் செத்தபோதே பொய்யாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பேயைப் பற்றிப் பொய் சொல்லி எதைக் கட்டிக்கொள்ளப் போகிறாள்?

அப்பன் இராமையா கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்தவன். துரையைக் கண்டால் முதுகு வளையும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளிகளைக் கண்டால் நெஞ்சு நிமிரும். போன கிழமைதான் புதைத்தார்கள். அவளுக்கென்று அவன் விட்டுப்போனது ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய காசு.

அதில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு மட்டும் என்னவோ போலிருந்தது. ஹட்டனில் நகை வேலை செய்யும் ஜெயகாந்தனிடம் கொண்டுபோனாள். அவன் கண்ணாடிமேல் போட்டுப் பார்த்தான். டொக்.

"கையால செஞ்ச காசு அக்கா, இது. ஒரு காசை உள்ளுக்குக் குடைஞ்சு, இன்னொன்னோட சிங்கத்த அதுல எறக்கியிருக்காங்க. விளிம்போரமா மயிரிழை மாதிரி கோடு தெரியுது பாருங்க. ரெண்டு பக்கமும் சிங்கம். அஞ்சுங்கிற இலக்கமே இல்ல."

"எதுக்கு?"

"சுண்டிவிட்டு ஆள ஏமாத்தத்தான்."

செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல, விரல் நுனியால் காசைத் தள்ளினான்.

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சு ரூபாய்க் காசில்கூட யோக்கியமில்லாத மனுஷன்!

மாலை 5.10. வீட்டில் அவள் தனியாக இருந்தாள். ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. அப்பன் படத்துக்கு முன்னால் நின்று காசைச் சுண்டினாள்.

"பாரு ஒன் யோக்கியதய."

டிங்... சிங்கம்.

மறுபடி சுண்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆண் குரல், நிதானமாக...

"அஞ்சு."

எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. காசு சிங்கம் காட்டியது.

5.14. அறைக்குள் ஈரமண் வாடை. பூரணி பயந்து ஓடுகிற ஜாதி இல்லை. மூன்றாம் முறையும் சுண்டினாள்.

"அஞ்சு..."

இப்போது முதுகுக்குப் பின்னால்.

காசு சிமெந்துத் தரையில் சுழன்றது. விர்ர்ர்... நின்றது.

5.

வாசற்கதவு தானாகத் திறந்தது. வெளியே மம்பட்டியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம். சர்ர்... சர்ர்...

லயத்துக்கு ஓடினாள். அப்பனுக்குக் கீழே வேலை செய்த அழகுமுத்துவிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அது மாயாண்டி, புள்ள. எங்ககூட வேல செஞ்சவன். மழ நாள்ல மண்மேட்டுக்குக் கீழ தண்ணி ஓட கான் வெட்ட ஒங்கப்பாவத்தான் போவச் சொல்லுவாங்க. அவரு மாயாண்டியக் கூப்புட்டுக் காசு சுண்டுவாரு. 'அஞ்சு விழுந்தா நான் போறேன், சிங்கம் விழுந்தா நீ போ'ம்பாரு. மூணு நாள் சுண்டினாரு, மூணு நாளும் அவன் தோத்தான். மூணாவது நாளு மேடு சரிஞ்சிருச்சு. பொணங்கூட கெடைக்கல."

அடுத்த நாள் காலை 6.20. தோட்டத்துக் காவல்காரன் சுதாகரன் ஃபோன் செய்தான்.

"அக்கா... ஒங்கப்பா குழி தொறந்து கெடக்கு. பெட்டி காலி. ராத்திரி மழையுமில்ல. மண்மேட்டுக்குக் கீழ... முப்பது அடிக்குப் புதுசா கான் வெட்டியிருக்கு. காலடித் தடம் கானுக்குள்ள போயிருக்கு. திரும்பி வரல. ஆள் சேத்துத் தேடவா?"

பூரணி அப்பன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள். "வேல இன்னும் முடியல போல."